நிலவறையில் ஒரு குழாய்

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஃப்ரீசரிலிருந்து பாதிப் பன்றி வெளியே வந்தது.

ஓட்டகர் அதைத் துண்டு துண்டாக எடுத்து நிலவறைத் தரையில் அடுக்கினான். அவன் மனைவி லுட்மிலா படியில் நின்று பார்த்தாள்.

"இது எங்க போகும்?"

"எங்கயாவது."

"இது மே மாசம். வெளியில வெச்சா மத்தியானம் நாய்க்குத்தான்."

"பக்கத்து வீடுங்கள்ல குடுத்து வை."

"எதுக்குன்னு கேப்பாங்க."

"பீருக்கு இடம் வேணும்னு சொல்லு."

ஓட்டகர் ரயில் நிலையத்தில் சிக்னல் பார்ப்பவன். போன மாதம் ஹினெக்கின் பீர்க்கடையில் ஒரு குற்றம் செய்தான். ஹினெக் உள்ளே போயிருந்த நேரம், தாகம் பொறுக்காமல் பீர் ஊற்றும் மேடைக்குப் பின்னால் போய், குழாயைத் திறந்து தானே ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான். அந்த மொராவிய ஊரில் அடுத்தவன் மனைவியோடு நடனமாடலாம். அடுத்தவன் குழாயைத் தொடக் கூடாது.

ஹினெக் திரும்பி வந்தார். பார்த்தார். கதவைக் காட்டினார்.

"இனிமே இங்க வராத."

கடையே கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டகருக்குக் காது சிவந்துவிட்டது.

"நீங்க இல்லாம எனக்குக் குடிக்கத் தெரியாதா? என் வீட்டுலயே குழாய் வெக்கறேன். சனிக்கிழமை எல்லாரும் வாங்க. இதைவிட நல்லா இல்லேன்னா, இதே இடத்துல நின்னு எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன்."

"எந்தச் சனிக்கிழமை?" என்று மட்டும் ஹினெக் கேட்டார்.

ஓட்டகர் அன்று சொன்ன சனிக்கிழமை இந்த வாரம்தான்.

லுட்மிலா கறியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. எல்லாரும் சனிக்கிழமை வராங்க."

"நான் கடையில இருந்தவங்களைத்தான கூப்பிட்டேன்."

"நம்ம தொடைக்கறியை வெச்சிருக்கறவங்களை வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?"

ஃப்ரீசருக்குள் பீர்ப் பீப்பாயை வைத்து வெளியே குழாய் வைப்பதுதான் திட்டம். ஆனால் ஃப்ரீசரின் சுவரில் துளை போடக் கூடாது. குளிர்க்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே மரச்சட்டம் வைத்து, பீர்க்குழாயை அதில் பொருத்த வேண்டும். நல்ல பலகை லுட்மிலாவின் ஜாம் அலமாரியில் இருந்தது. ஜாம் பாட்டில்கள் படிக்கட்டுக்கு வந்தன.

பக்கத்து வீட்டுக் கமில் வந்தான். பீப்பாய் உள்ளே இறங்கியதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"எவ்ளோ அழகா உக்காந்திருக்கு."

"இது தெர்மோஸ்டாட். குளிர் போதும்னு ஆனா தானா கரண்டை நிறுத்திடும்."

"அதுக்கே தெரியுமா?"

"தெரியும்."

கமில் அதைத் தொடப் போனான். பிறகு கையை இழுத்துக்கொண்டான்.

தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியவில்லை. குளிரை உணர வேண்டிய கம்பியை ஓட்டகர் வெளியே தொங்கவிட்டிருந்தான். அது இரவெல்லாம் நிலவறையின் வெப்பத்தை அளந்து, போதாது போதாது என்று ஃப்ரீசரை ஓட்டியது. காலையில் பீப்பாயை அசைத்தபோது உள்ளே பனிக்கட்டி உரசியது.

பீப்பாய் குளியல் தொட்டிக்குப் போனது, வெந்நீரில்.

"நான் எங்க குளிக்கறது?" என்றாள் லுட்மிலா.

"கமில் வீட்டுல."

"கமில் என்ன நினைப்பான்?"

"பீருக்காகன்னா ஒண்ணும் நினைக்க மாட்டான்."

பனி கரைந்தது. பீர் சூடாகியது. படிகளில் இறக்கும்போது ஜாம் பாட்டில்களைத் தவிர்க்கப் போய், பீப்பாய் இரண்டு முறை உருண்டது. வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தான். நுரை வந்தது. நுரை மட்டும் வந்தது. கிளாஸ் நிறைந்து, கை நனைந்து, தரை வெளுத்தது. பீரைத் தள்ளும் வாயு போதவில்லை என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டினான். நுரை கமிலின் நெற்றிக்குப் போனது.

கமில் முகத்தைத் துடைக்கவில்லை. நுரைக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்தான்.

"இதுக்குப் பேரு பால்டா. நுரையாவே கேட்டு வாங்கிக் குடிக்கறவங்க இருக்காங்க. தெரிஞ்சேதான் ஊத்தினேன்னு சொல்லிடு."

"ஊர் முழுக்கவா பால் கேக்கும்?"

கமில் காலிக் கிளாஸை மறுபடி குழாயடியில் நீட்டினான்.

ஓட்டகர் கம்பியைப் பீப்பாயோடு சேர்த்து ஒட்டினான். அழுத்தத்தைக் குறைத்தான். பீரின் வேகம் குறைய நீளமான ட்யூப் வாங்கி, சுருட்டி உள்ளே வைத்தான். மூடியை மூடினான். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாக்கியத்தைக் குளியலறையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அது அவன் வாயில் நிற்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நிலவறை நிறைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஜாமுக்கு நடுவில் படிகளில் உட்கார்ந்தார்கள். ஓட்டகர் கிளாஸை ஈரப்படுத்தினான். சாய்த்துப் பிடித்தான். குழாயைத் திறந்தான்.

பொன்னிறமாக இறங்கியது. சத்தமே இல்லை. கிளாஸின் பக்கங்களில் குளிர் பூத்தது. மேலே நுரை மெல்ல எழுந்து, விளிம்பைத் தாண்டி ஒரு விரல் உயர்ந்து, விழாமல் நின்றது.

கமில் தொப்பியைக் கழற்றினான். இன்னும் சிலர் கழற்றினார்கள். தொப்பி இல்லாத ஒருவர் தலையைத் தடவிக்கொண்டார்.

முதல் கிளாஸ் கைமாறிப் போனது. குடித்தவர் கண்ணை மூடினார். திறக்க நேரமாயிற்று.

"ஹினெக்கோடதைவிட..." என்றார். தலையை ஆட்டினார்.

ஓட்டகர் ஜெயித்துவிட்டான்.

அந்த ஊரில் யாரும் இன்னொரு பீர் கேட்பதில்லை. கிளாஸ் காலியானால் அடுத்தது வர வேண்டும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வைப்பார்கள். அன்று யாரும் அட்டை வைக்கவில்லை. ஒரு காலிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவனாக ஓட்டகரை யாரும் வளர்க்கவில்லை. ஊற்றினான். கொண்டுபோனான். கழுவினான். ஊற்றினான்.

"ஓட்டகர், படிக்கட்டுல கிளாஸ் காயுது பாரு."

"வரேன்."

"நுரை கொஞ்சம் கம்மி, தம்பி."

"சரிங்க."

"எனக்குப் பால்டா," என்றான் கமில்.

எண்ணெயில் ஊறவைத்த சீஸோடு இறங்கிய லுட்மிலா ஓட்டகரைப் பார்த்தாள்.

"நீ குடிச்சியா?"

அவன் யோசித்தான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. முழங்கால் வலித்தது. தன் நாற்காலியைத் தேடினான். அது மூலையில் இருந்தது. அதில் ஹினெக் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. காலை நீட்டி, காலணியைக் கழற்றி வைத்திருந்தார். அவர் உட்கார்ந்து ஓட்டகர் பார்த்ததே இல்லை.

ஹினெக் கடைசி வாயை நிதானமாகக் குடித்தார். காலிக் கிளாஸை நீட்டினார்.

"முப்பது வருஷமா இந்த ஊர்ல எல்லாருக்கும் உக்கார இடம் இருந்துது, எனக்குத்தான் இல்ல. அன்னிக்கு உன்னைத் துரத்தாம இருந்தா இதை நீ செஞ்சிருப்பியாடா? சரி, நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கற?"