மொத்தக் கூட்டமும் என் தோளில்

"இன்னைக்கு மேட்சுக்கு வந்த மொத்தக் கூட்டத்தையும் நானே தோள்ல தூக்கிட்டுப் போனேன் அத்தை!"

சொன்ன கையோடு கேலரிக்காரர், தட்டில் இல்லாத எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றியிருந்த வாய்களெல்லாம் மெல்லுவதை நிறுத்தின.

மாமியார் கேட்டது சாதாரணக் கேள்விதான். "கூட்டம் எப்படி மாப்பிள்ளை?" அவ்வளவே. 'சுமார்' என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சொல் பிறந்ததிலிருந்தே அவர் வாயில் நுழைந்ததில்லை. முழுப்பொய் சொல்ல மனம் வரவில்லை, முழு உண்மை சொல்ல மானம் விடவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்து, இரண்டுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த வாக்கியம் அது. அதில் பெரும்பகுதி உண்மை என்பதுதான் அவருக்குத் தொல்லை.

"அளவா விடுங்க சகலை. மேஜை கால் உடைஞ்சிடும்" என்றார் எதிரே இருந்த சகலை.

சகலை, இந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. ஏதோ பெரிய கம்பெனியில் மேனேஜர். அந்த ஆபீஸில் ஏ.சி. அடிக்கிற அடியில் மையே உறைந்துபோகும் என்பார். அந்தக் குளிர் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை என்று, ஊரே வெந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்திலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தார். ஆனால் தண்ணீர் மட்டும் ஜக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏ.சி. தொண்டைய வறட்டிடுது அத்தை" என்று சொல்லி அடுத்த ஜக்கைக் கேட்டார்.

"ஸ்டேடியம் நிறைய ஜனத்தைத் தோள்ல தூக்கினீங்களா? எப்படிங்க?" என்றாள் கேலரிக்காரரின் மனைவி. அவள் குரலில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

கேலரிக்காரர் என்றால் கால்பந்து மைதானத்தில் கிழக்கு கேலரியைக் கட்டி மேய்க்கிறவர். யார் எந்த சீட்டில் உட்காரவேண்டும், யாரை எழுப்பி விடவேண்டும் என்பதெல்லாம் அவர் ராஜ்ஜியம். ஆனால் இந்த வருஷ வெயில் அந்த ராஜ்ஜியத்தைச் சுருட்டிவிட்டது. மேற்கு கேலரிக்குக் கூரை உண்டு, அது கால்பந்து கிளப் முதலாளிக்கும் அவர் விருந்தாளிகளுக்கும். கிழக்குக்கு வானம்தான் கூரை. ராத்திரி ஆட்டம் வைக்கலாமென்றால், மைதானத்து விளக்குகள் எரிந்து எத்தனையோ நாளாகிறது. போன ஆட்டத்துக்கு வந்த ரசிகர்களைவிட ஆம்புலன்ஸோடு வந்த ஆட்கள் அதிகம்.

முதலாளி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமையும் காலி நாற்காலியத்தான் நான் பாக்கணும்னா, அதுக்குக் காவலா ஒரு ஆள் எதுக்குய்யா?"

அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த அன்றே, இதே மேஜையில் உட்கார்ந்து கேலரிக்காரர் சொன்னது வேறு. "ஞாயித்துக்கிழமை எள்ளு போட்டா எள்ளு விழாது. டிக்கெட் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதீங்க."

"அன்னைக்கு நீங்க மைதானத்துலதான் இருப்பீங்களா சகலை?" என்று சகலை கேட்டிருந்தார்.

"நான் இல்லாம மைதானமா?"

"எனக்கும் அன்னைக்கு மீட்டிங்" என்று சகலை வேறு பக்கம் பார்த்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெயிலும் வந்தது. வேறு யாரும் வரவில்லை.

அது என்ன வெயில்! காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டுச் சுவரோரம் நடந்தே போயின. நடுவர் விசிலை உதட்டில் வைத்ததும் 'ஆ' என்றார். அதுவே ஆட்டம் தொடங்குவதற்கான ஒலியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கோல் போஸ்ட்டில் முதுகைச் சாய்த்த கோல்கீப்பரைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிழக்கு கேலரி நாற்காலிகள் இளகி, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கும்பிடு போடுவது போலத் தெரிந்தன.

அந்த நாற்காலிக் கடலின் நடுவில் ஒரே ஒரு குடை.

குடைக்குக் கீழே பருத்த மனிதர் ஒருவர். எந்த ஆட்டத்தையும் விடாதவர். கேலரிக்காரருக்கு அவரைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்து, வந்த வேகத்தில் காய்ந்தது. இந்தக் கூட்டத்தைக் கலையவிடக் கூடாது என்று முடிவு செய்தார்.

"சார், வாங்க, மேற்குப் பக்கம் நிழல்ல உக்காருங்க. நான் சொல்லிக்கிறேன்."

"மாட்டேன்" என்றார் குடைக்காரர். "போன தடவை ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்ததுக்கு, 'டிக்கெட்ல என்ன போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?'ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டது யாரு?"

"நான்தான்."

"இப்ப நல்லாப் படிச்சுட்டேன். இதான் என் சீட்டு."

கேலரிக்காரரின் காது மடல் சிவந்தது. வெயிலால் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, சீட்டையாவது குளிரவைப்போம் என்று, குடைக்காரரைச் சுற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். சிமெண்ட் தரை சுர்ரென்றது. குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. கொஞ்ச நேரம் கூட்டத்தையே காணவில்லை.

"யோவ்! என்னை வேகவைக்கிறியா?" என்று ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

அடுத்து, விசிற ஆள் வேண்டும். அங்கே சும்மா இருந்தது கரடி ஒன்றுதான். குழந்தைகளைச் சிரிக்கவைக்கக் கிளப்பில் ஒரு கரடி வேஷம் உண்டு. முன்பு போட்டவன் வெயிலுக்குப் பயந்து ஓடிவிட, எங்கிருந்தோ ஏஜென்சி அனுப்பிய புதுக்கரடி அன்றுதான் வந்திருந்தது. தலை முதல் கால் வரை கம்பளி. சிரிக்கவைக்கக் குழந்தை ஒன்றுகூட இல்லாமல், இடுப்பில் கை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்தது.

"ஏம்ப்பா கரடி, இங்க வந்து சாருக்கு விசிறு!"

கரடி கேலரிக்காரரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனது. அப்புறம் தலையாட்டிவிட்டு வந்து, ஒரு அட்டையால் விசிற ஆரம்பித்தது. நல்லமனசுக் கரடிதான். ஆனால் விசிறிய காற்று, அடுப்பைத் திறந்தால் வருமே, அப்படி வந்தது. பத்து வீச்சில் கரடியின் பாதத்திலிருந்து வேர்வை ஓடை கிளம்பிப் படிக்கட்டில் இறங்கியது.

"அய்யோ பாவம், தலையைக் கழட்டிட்டு ஒரு வாய் தண்ணி குடிப்பா" என்று கேலரிக்காரர் கரடித் தலையைப் பிடித்து இழுத்தார். கரடி இரண்டு கையாலும் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கேலரிக்காரர் மேலே இழுக்க, கரடி கீழே இழுக்க, கடைசியில் கரடிதான் ஜெயித்தது. இத்தனைக்கும் அதன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவேண்டுமே! வரக் கூடாது, கரடி பேசினால் குழந்தைகள் பயந்துவிடும் என்பது கிளப்பின் சட்டம். குழந்தையே இல்லாத இடத்திலும் சட்டத்தை மதிக்கிறதே என்று கேலரிக்காரர் உருகிப்போனார்.

அப்போதுதான் மேற்கே முதலாளியின் கார் வந்து நின்றது.

அங்கிருந்து பார்த்தால் இங்கே ஒரு குடையும் ஒரு கரடியும்தான் தெரியும். கூட்டத்துக்கு ஒரு முகமாவது வேண்டாமா?

"சார், ஒரே ஒரு நிமிஷம் குடைய மடக்கிக்கோங்க. முதலாளி பாத்ததும் விரிச்சுக்கலாம்."

"வெயிலய்யா!"

"என் பொழப்பு சார். கால்ல விழறேன்."

குடைக்காரர் நல்ல மனிதர். மடக்கினார். மடக்கியது குடை மட்டுமில்லை. அடுத்த நொடி அவரும் நாற்காலியில் மடங்கிச் சரிந்தார். கண் செருகிவிட்டது.

கேலரிக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. நிழல் இருப்பது மேற்கே. சுற்றிக்கொண்டு போனால் குடைக்காரர் தாங்கமாட்டார். குறுக்கே போகலாம், ஆனால் குறுக்கே ஆட்டம் நடக்கிறது.

"கரடி! கால் பக்கம் பிடி!"

கரடி மறுபேச்சில்லாமல் கால்களை அணைத்துத் தூக்கியது. கேலரிக்காரர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். இப்படியாக, அன்றைய மொத்தக் கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கியது.

ஆட்டக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்த ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். அனுமதியில்லாமல் உள்ளே வந்ததற்காக நடுவர் கரடிக்கு மஞ்சள் அட்டை காட்டினார். கரடி அதையும் வாய்திறக்காமல் ஏற்றுக்கொண்டது.

நடுமைதானம் வந்தபோது எதிரே முதலாளி எழுந்து நிற்பதைக் கேலரிக்காரர் பார்த்தார். பார்த்ததும், எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

சல்யூட் அடித்த கை, தலையைப் பிடித்திருந்த கை.

'தொப்'பென்று ஒரு சத்தம். குடைக்காரரின் தலை புல்லில். கால்கள் மட்டும் கரடியின் அணைப்பில், பத்திரமாக.

முதலாளி வேகமாக வந்தார். "இருந்த ஒரே ஆளையும் தூக்கிட்டு எங்கய்யா போறீங்க? கீழ போட்டது யாரு? போட்டவனுக்கு நாளையிலேருந்து இங்க வேலை இல்லை!"

வீட்டுச் செலவு, மனைவி, மாமியார், சகலையின் சிரிப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் கேலரிக்காரரின் கண்முன் வந்தன. அவர் விரல் அவரைக் கேட்காமலே நீண்டது.

"கரடிதான் சார்."

இரண்டு கையிலும் இரண்டு காலைப் பிடித்தபடி நின்ற கரடியால் மறுத்துக் கையாட்டக்கூட முடியவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரையே பார்த்தது. கண்ணாடிக் கண்கள்தான். இருந்தாலும் கேலரிக்காரரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

பிறகு அது குடைக்காரரின் கால்களை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல மெதுவாகக் கீழே வைத்தது. பின்வாசலை நோக்கி வேஷத்தோடே நடந்தது. பின்னாலேயே ஓடி ஒரு மன்னிப்பாவது கேட்கலாம் என்று கேலரிக்காரர் வாசலுக்குப் போனபோது, சூடான தெருவில் ஈரப் பாதத் தடங்கள் மட்டும் இருந்தன. அவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தன.

விழுந்த அடியில் கண் திறந்த குடைக்காரர் கேட்டது இரண்டே கேள்வி. "ஸ்கோர் என்ன? என் குடை எங்க?"

இத்தனையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் கேலரிக்காரர் இப்போது சாப்பாட்டு மேஜையில் குனிந்திருந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை, எத்தனை பேரைத் தூக்கினீங்க?" என்றார் மாமியார்.

"ஒருத்தரை" என்றார் தட்டிடம்.

"மொத்தக் கூட்டம்னீங்க?"

"அவர்தான் அத்தை மொத்தக் கூட்டம்."

மாமியார் பெருமூச்சு விட்டார். "இந்த வெயில்ல ஒரு ஆள் வந்ததே பெரிய விஷயம். நான் நம்பறேன்."

"நானும் நம்பறேன்" என்றாள் மனைவி. "எவ்வளவு பெரிய ஆளுங்க? தனியாவா தூக்கினீங்க?"

"ஒரு கரடி கால் பிடிச்சுது."

"கரடியா?" என்று அவள் அக்கா, சகலையின் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சகலை மட்டும் சிரிக்கவில்லை. "அத்தை, நம்பாதீங்க. ஒரே ஆளாம், கரடியாம். இதெல்லாம் நடந்திருக்கவே நடந்திருக்காது. சாப்பிட்டு எழுந்திருங்க, வேற ஏதாவது பேசலாம்."

"இருங்க அத்தான், கேப்போம்" என்றாள் மனைவி. "அந்தக் கரடி என்னங்க ஆச்சு?"

கேலரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். இங்கேயாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெருமையோடு. அந்தக் கணம் போய்விட்டது.

"அதை ஏன் கேக்கற? எல்லாம் அந்தக் கரடியால வந்த வினை. நான் தலையைத் தாங்கிக்கிட்டு உயிரைக் கொடுத்து நடக்கறேன், அது நடு மைதானத்துல காலை விட்டுடுச்சு. வேலை போச்சு அதுக்கு. சுத்த சோம்பேறி."

ஜக்கைத் தூக்கிய சகலையின் கை அப்படியே நின்றது. ஜக்கை மெதுவாகக் கீழே வைத்தார். கழுத்தைச் சுற்றியிருந்த சால்வையை உருவி நாற்காலியில் போட்டார். கழுத்து முழுக்க வேர்க்குரு, தக்காளியாய்ச் சிவந்து, மேலே அப்பிய பவுடரோடு. இடுப்பில் கையை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேலரிக்காரரைப் பார்த்தார்.

"நடந்தது நடந்ததுதான் அத்தை. ஆனா காலை நான் கடைசி வரைக்கும் விடலை, தலையை விட்டது இவருதான்."