சம்பந்தி ஒப்படைத்த பவளம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் பணிவான வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. தங்கள் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கட்டும் அவிழ்த்தாகிவிட்டது, எழுத்து பெரிதாக இருந்தால் படிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என மாப்பிள்ளை போனில் சொன்னார். மிக்க மகிழ்ச்சி. ஆகவே எழுத்துகளைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். கடிதம் பதினான்கு பக்கம் வந்திருப்பதற்கு அதுதான் காரணம், என் குற்றங்களின் எண்ணிக்கை அல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இங்கு நாங்கள் சௌக்கியம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள், அதனால் தயவுசெய்து அழாமல் படிக்கவும்.

தாங்கள் மகனையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன், தங்கள் மூன்றடிப் பவளத் தொட்டியை மீன்கடைக்காரரை வைத்துப் பத்திரமாக எங்கள் கூடத்தில் இறக்கி, எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்றையும் என் கையில் கொடுத்தீர்கள். தினமும் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், இரண்டு ஆரஞ்சு மீன்களுக்கும் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும், வேறொன்றும் செய்யக் கூடாது என்பதுதான் அந்த எட்டுப் பக்கத்தின் சாரம். ‘வேறொன்றும் செய்யக் கூடாது’ என்பதைச் சிவப்பு மையில் மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள். சம்பந்தி கூச்சப்படுகிறார், பெண் வீட்டாரிடம் வேலை வாங்கத் தயங்குகிறார் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

நான் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. தண்ணீர் சம்பந்தப்பட்ட எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. தங்கள் தொட்டியில் கண்ணாடியெல்லாம் கீறல், மோட்டார் சளி பிடித்தவர் மாதிரி கொரகொரவென்று இழுத்துக்கொண்டிருந்தது, விளக்கு அழுதுவடிந்தது. சம்பந்தி கண் தெளிந்து திரும்பி வந்து முதல் முதலாகப் பார்க்கும்போது இந்தப் பழைய தொட்டியையா பார்க்க வேண்டும், ஐந்தடி நீளத்துக்கு ஒரு கடலே அலையடித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், என் பெண்ணுக்கும் அந்த வீட்டில் நாலு பேர் நடுவில் ஒரு பெருமைதானே என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

ஐந்தடித் தொட்டி வந்து இறங்கியது. மாடிப்படி திரும்பும் இடத்தில் அது திரும்பவில்லை. நான்கு ஆட்கள் தூக்கிக்கொண்டு நிற்க, தச்சரைக் கூப்பிட்டு எங்கள் வாசல் கதவையும் நிலையையும் கழற்றி, ஒருவழியாக உள்ளே கொண்டுவந்து மேடையில் ஏற்றிய பிறகுதான், அந்த மேடை துணி பீரோவின் கதவைத் திறக்கவிடாமல் நிற்கிறது என்று என் மனைவி கண்டுபிடித்தாள். தண்ணீர் நிரப்பிய பிறகு அதைக் கடவுளே வந்தாலும் நகர்த்த முடியாது. அவளுடைய நல்ல துணியெல்லாம் பீரோவுக்குள்ளே, அவள் வெளியே. இரண்டு வாரமாக இரண்டே செட் துணியைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்கிறாள். தச்சர் கழற்றிய நிலையைத் திருப்பி மாட்டியதில் கதவு இப்போது உள்பக்கம் திறப்பதற்குப் பதில் வெளிப்பக்கம் திறக்கிறது, தபால்காரர் மூக்கில் ஒருமுறை இடித்தும்விட்டது.

அடுத்து கடல்நீர். மீன்கடைக்காரர் கொடுத்த உப்பைக் குழாய்த் தண்ணீரில் கலந்து அண்டா அண்டாவாக வைத்திருந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது குழாய்த் தண்ணியா சார்?"

"ஆமாம், முதல் தரமான தண்ணி. நாங்களே குளோரின் போட்டு அனுப்பினது."

"அந்தக் குளோரின்தான் சார் பவளத்துக்கு எமன்."

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சுத்திகரிக்கும் எந்திரம் ஒன்றை மாட்டினோம். அது சொட்டுச் சொட்டாக விடும். இரண்டு நாள் வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டமெல்லாம் கடலாகிவிட்டது. எது குடிதண்ணீர், எது கடல் என்று தெரியாமல் போய், விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியனுக்கு என் மனைவி கடல் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்துவிட்டாள். மனுஷர் நல்லவர், பாதி குடித்துவிட்டு, "உங்க வீட்ல யாருக்காவது சர்க்கரை வியாதியா, அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இதெல்லாம் நடக்கும்போது தங்கள் பவளங்கள் எங்கே இருந்தன என்று தாங்கள் கேட்பீர்கள். குளியலறையில், வாளிகளில், சின்னக் காற்றுக் குழாய்களோடு இருந்தன. மூன்று நாள் நாங்கள் குளிக்கவில்லை. பாறைகளை ஒவ்வொன்றாகப் புதுத் தொட்டிக்கு மாற்றும்போது ஒன்றிலிருந்து ஒரு புழு இறங்கி ஓடியது. முக்கால் முழ நீளம், ரெண்டு பக்கமும் வெள்ளை முடி, வேகம் சொல்லி மாளாது. தங்கள் பொருளாயிற்றே, எண்ணிக் கொடுத்ததில் ஒன்று குறையலாமா என்று வெறும் கையால் பிடித்துவிட்டேன். அது முடியில்லை, முள் என்று பிடித்த பிறகு தெரிந்தது. ஐந்து விரலும் முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. கீழ்வீட்டில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறாரே, அவரிடம்தான் ஓடினேன். "சார், நான் பல்லுக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே, பல் பார்க்கும் நாற்காலியில் என்னைச் சாய்த்து, வாய்க்கு மேலே இருக்கிற விளக்கை விரலுக்குத் திருப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தங்கமான மனுஷர். அந்தத் தங்கமான மனுஷருக்கு நான் செய்த கைம்மாறைச் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை.

புதுத் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. மேலேயிருந்து அழுக்குத் தண்ணீர் கீழே இறங்கும், மோட்டார் சுத்தத் தண்ணீரை மேலே தள்ளும். மீன்கடைக்காரர் எல்லாம் மாட்டிவிட்டுப் போன பிறகு நான் குழாயை ஆராய்ச்சி செய்தேன். மேலே போகும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பொட்டு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பார்த்தீர்களா, இவ்வளவு பெரிய கடைக்காரர் ஓட்டைக் குழாயை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், நல்லவேளை நான் பார்த்தேன் என்று பசையை வைத்து அழுத்தி அடைத்துவிட்டேன். அன்று அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன், சம்பந்தி. மறுநாள் காலை பத்தரை மணிக்கு யாரோ, பெயர் சொல்ல விரும்பவில்லை, இஸ்திரிப் பெட்டிக்காக மோட்டார் பிளக்கைப் பிடுங்கினார்கள். மோட்டார் நின்றதும் மேல் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி இறங்க ஆரம்பித்தது. அந்தப் பொட்டு ஓட்டை இருந்திருந்தால் காற்று நுழைந்து அந்த இறக்கத்தை நிறுத்தியிருக்குமாம். அதற்குத்தான் கடைக்காரர் அதை வேலை மெனக்கெட்டுப் போட்டிருக்கிறார். பாதிக் கடல் இறங்கி, கீழ்த்தொட்டி பொங்கி, கூடத்தை நனைத்து, தரை இடுக்கு வழியாகக் கீழ்வீட்டுக்குப் போய்விட்டது.

கீழே டாக்டர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்திருந்தவர், "டாக்டர், உப்பு கரிக்குது" என்றாராம். இவர் நிமிராமலே, "அப்படித்தான் இருக்கும், துப்புங்க" என்றாராம். மூன்று தடவை துப்பிவிட்டுத்தான் ரெண்டு பேரும் மேலே பார்த்திருக்கிறார்கள். முகமூடியைக்கூடக் கழற்றாமல் மேலே ஏறி வந்தார். நான் கூடத்தில் முழங்கால் தண்ணீரில், சரி, கணுக்கால் தண்ணீரில், துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"சார்," என்றார் ரொம்பப் பொறுமையாக, "என் பேஷண்ட் வாயில உங்க கடல் விழுது."

இறங்கிப் போய்விட்டார். அன்று முதல் படியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நோட்டீஸ் ஏதும் வரப்போகிறதோ என்று கதவு தட்டும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

இவ்வளவும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாததை இனிமேல்தான் எழுத வேண்டும். தொட்டி நடுவில் இருக்கிறதே, விரல் விரலாக விரிந்து ஆடும் பச்சைப் பவளம், அது புதுத் தொட்டிக்கு வந்ததிலிருந்து மூடிக்கொண்டுவிட்டது. இன்றோடு பதினோரு நாள். ஒரு விரல் நீட்டவில்லை. பிசைந்து வைத்த மாவு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் செய்யாத வைத்தியம் இல்லை. வெளிச்சம் அதிகமோ என்று நிழலில் வைத்தேன், குறைச்சலோ என்று மேலே ஏற்றினேன், அலை படவில்லையோ என்று கையாலேயே விசிறிவிட்டேன், காலையில் எழுந்ததும் ஒருமுறை, பல் தேய்த்துவிட்டு ஒருமுறை, சாயங்காலம் நாலைந்து முறை மெதுவாகத் தடவிக் கொடுத்துப் பார்க்கிறேன். தீனியைப் பிடித்து வாயில் ஊட்டலாம் என்றால் வாய் எங்கே என்று தெரியவில்லை. ஆரஞ்சு மீன்களில் ஒன்று என் மோதிர விரலைக் கடித்ததுதான் மிச்சம்.

தாங்கள் போனில் ‘தொட்டி எப்படி இருக்கு?’ என்று கேட்டபோதெல்லாம் ‘அமர்க்களமா இருக்கு’ என்றேன். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் சொல்லவில்லை. போன வாரம் மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பவளம்ப்பா? பச்சையா?"

"ஆமாம்மா."

"அது அத்தை வாங்கி வெச்சதுப்பா. நகத்தளவு இருந்துச்சாம். அத்தை போனதுக்கப்புறம் மாமா ஏழு வருஷமா வளர்த்திருக்கார். சாயங்காலமானா அது முன்னாடிதான் உக்காந்திருப்பார். மாமாகிட்ட என்னன்னு சொல்லப்போறீங்க?"

சம்பந்தி, சத்தியமாக எனக்கு அது தெரியாது. எட்டுப் பக்கக் குறிப்பில் தாங்கள் அதை எழுதவில்லை. எழுதுகிற விஷயமா அது. போனை வைத்துவிட்டு அந்தத் தொட்டி முன்னால் போய் நின்றேன், என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை. கதவைக் கழற்றினதுக்கோ, டாக்டர் வீடு ஒழுகினதுக்கோ மன்னிப்புக் கேட்கலாம். இதுக்கு என்னன்னு கேக்கறது? நம்ம வீட்டுக்கு நம்பி அனுப்பி வெச்ச ஒரு உயிரை நான் கெடுத்துட்டேன்.

ஆகையால் என் விண்ணப்பம் இதுதான். தாங்கள் வந்ததும், இல்லை அதுக்கு முன்னாடியே யாரையாவது அனுப்பி, இருக்கிறதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இனி உப்புத் தண்ணீர் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். என் மனைவியும் ‘ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்’ என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கோபத்தை என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுங்கள், என் மகள் முகத்தில் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவள் குழந்தை, இதில் அவளுக்குச் சம்பந்தமில்லை.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் கண்ணொளி நூறு வருஷத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், அந்தக் கண்ணால் என்னை ஒருமுறை மன்னித்துப் பார்க்கவும் வேண்டுகிறேன். பெரியோர் அனைவருக்கும் நமஸ்காரம், சிறியோர் அனைவருக்கும் அன்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: அண்ணா, இது நான் எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கார்னு பார்க்க ஆவியில காட்டி உறையைப் பிரிச்சிட்டேன், தப்பா நினைக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினது நான்தான். மத்தபடி இவர் எழுதினதை நம்பி மனசை விட்டுடாதீங்க. அந்தப் பச்சைப் பவளத்துக்கு ஒண்ணுமே இல்லை. தினம் மத்தியானம் இவர் சாப்பிட்டுப் படுத்த கால்மணி நேரத்துல அது மெதுவா விரிய ஆரம்பிக்கும், நாலு மணி வரைக்கும் ஜம்முனு ஆடிட்டிருக்கும். இவர் எழுந்து வந்து கையை விட்டதும் சுருங்கிடும். இவருக்குத் தெரியற நேரத்துல எல்லாம் இவர் கை அதுக்குள்ள இருக்கு, அப்புறம் எப்படித் திறக்கும்? சொல்லலாம்தான். சொன்னா மத்தியானத் தூக்கத்தையும் விட்டுட்டு வந்து கையை விடுவார், அதான் சொல்லலை. மகளுக்குப் போன்லயே சொல்லிட்டேன், உங்ககிட்ட அவளே நேர்ல சொல்றதாச் சொல்லியிருக்கா, சொன்னாளோ என்னமோ.

பல் டாக்டர் கோபமா எல்லாம் இல்லை, இவரைப் பார்த்தா சிரிப்பு வந்துடுதுன்னுதான் முகத்தைத் திருப்பிக்கறார். அவரும் நர்ஸம்மாவும் சாப்பாட்டு நேரத்துல மேல வந்து, "சார் தூங்கிட்டாரா?"ன்னு கேட்டுட்டு, பத்து நிமிஷம் உக்காந்து பார்த்துட்டுப் போறாங்க. பல் எடுக்க பயப்படறவங்களை இங்க அனுப்பட்டுமான்னுகூடக் கேட்டிருக்கார்.

அதனால தொட்டியை எடுக்க ஆளை அனுப்பாதீங்க அண்ணா. இவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து எட்டு மாசம் ஜன்னல்கிட்ட நின்னு தெருக்குழாயில ஒழுகறதை எண்ணிட்டிருந்தார். எனக்குப் பயமா இருந்துச்சு. இந்த ஒரு மாசமாத்தான் காலைல தானா எழுந்திருக்கார். பீரோ கிடக்கட்டும். நீங்க வந்து உக்காந்து பார்க்க, அண்ணி வாங்கின பவளம் எதிர்ல ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன், மத்தியானம் வாங்க. இவருக்குப் பதில் போடும்போது மட்டும் கையை உள்ள விடாதேன்னு நல்லாத் திட்டி எழுதுங்க, நான் சொன்னதா இருக்க வேண்டாம்.

இதைத் தொட்டிகிட்ட உக்காந்துதான் எழுதறேன். அது நல்லா விரிஞ்சு ஆடிட்டிருக்கு. உள்ள கட்டில் சத்தம் கேக்குது, எழுந்துட்டார். அதோ, சுருங்க ஆரம்பிச்சிடுச்சு.