என் எதிரி ஓய்வு பெற்றுவிட்டார்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் பெண்ணும் உடம்பளவில் சௌக்கியம். மனத்தளவில் அவர்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அக்காவின் குரல் இப்போதும் தெருக்கோடி வரை எட்டுகிறதா என்று அறிய ஆவல். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மேலாளராக வரச் சொல்லி வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களே, வருகிறேன். அடுத்த மாதமே வருகிறேன். ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உங்கள் கல்யாணத்துக்கு முன்பு என் சைக்கிளை இரவல் வாங்கிப் போய், மட்கார்டை நெளித்துக் கொண்டுவந்து, "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு மச்சான்" என்று நீங்கள் சொன்னதை நான் அடியோடு மறந்துவிட்டேன் என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏன் இந்தத் திடீர் மனமாற்றம் என்று கேட்பீர்கள். என் வேலையைப் பற்றி அக்கா இன்னமும் "சோப்பு ஃபேக்டரியில மரம் நடுறான்" என்றுதான் எல்லாரிடமும் சொல்வதாகக் கேள்வி. நான் ஒரு செடிகூட நட்டதில்லை. தொழிற்சாலை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு எரிக்கிறது, பின்பக்க வாய்க்காலில் எதைக் கொட்டுகிறது என்று அளந்து, குறைக்க வழி சொல்லி, வருஷத்துக்கு ஒரு தடவை அறிக்கையாக அச்சடிப்பது என் வேலை. நிலைத்தன்மைத் துறை என்று பெயர். ஆனால் துறையைத்தான் ஓரிடத்தில் நிலைத்திருக்க விடவில்லை. நல்ல காலத்தில் வரவேற்பறையை ஒட்டிக் கண்ணாடி அறையில் ஆறு பேர் இருந்தோம். பெரிய வாடிக்கையாளர்கள் வந்தால், மீன் தொட்டியைக் காட்டுவதுபோல முதலில் எங்களைத்தான் காட்டுவார்கள். பிறகு வாடிக்கையாளர்கள் கேட்பதை நிறுத்தினார்கள், விற்பனை படுத்தது, நாட்டு நடப்பும் அதற்கேற்ப மாறியது. சுவரில் பச்சை எழுத்தில் இருந்த வாசகத்தின் மேல் வெள்ளை அடித்தார்கள். இப்போது துறை என்றால் நான் ஒருவன். அறை என்றால் மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலி அடுக்கும் இடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் யாராவது மாட்டிக்கொண்டு ஆடுவதற்காகத் தைத்த பூமி உருண்டை வேஷம் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதில் ஒரு கண்டம் பிய்ந்து தொங்குவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். என்கூடப் படித்தவன், பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியவன், இன்று உற்பத்தித் தலைவன். அவனுக்கு ஜன்னல் இருக்கிறது.

எங்களைப்போல் மனம் தளர்ந்தவர்களுக்கென்று நிர்வாகம் ஒரு வகுப்புகூட வைத்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் எல்லாரையும் கண்ணை மூடி ஓர் அருவியை நினைக்கச் சொன்னாள். நினைத்தேன். அதற்கு மேல்பக்கம் எவன் கழிவுநீர் விடுகிறான் என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே நான் அடியோடு தளர்ந்துவிடாமல் இருந்ததற்கு அருவி காரணமில்லை. ஒரே ஓர் ஆள் காரணம். அவர் என் எதிரி.

எங்கள் நிதித்துறைத் தலைவர். கேட்டதையெல்லாம் வெட்டுவார் என்பதால் கத்தரிக்கோல் என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான். இந்த மனுஷன் மேல் எனக்கிருக்கும் கோபத்தை எழுதினால் தாள் போதாது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. என் அறிக்கையைக் கையில் வாங்கியதும் மற்றவர்கள் "பிரமாதம், நாட்டுக்குத் தேவையான விஷயம்" என்று அட்டைப்படத்தைத் தடவிவிட்டு வைத்துவிடுவார்கள். இவர் ஒருவர்தான் படிப்பார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்தின் அடிக்குறிப்பு வரை, சிவப்புப் பேனாவோடு படிப்பார். படித்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே குனிந்து வந்து, உடைந்த நாற்காலிகளில் உடையாததாக ஒன்றைத் தேடி உட்கார்ந்து, "என்ன சார் கணக்கு இது, கனவுல போட்டதா?" என்பார். நான் ஏதாவது சொல்வேன். அவர் ஏதாவது சொல்வார். தேநீர் கொண்டுவருபவர் இரண்டு கோப்பையையும் வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிடுவார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி முகத்தைப் பார்த்ததுமே, "இன்னிக்கு அவரோட சண்டையா? நல்லா சாப்பிடுவீங்க" என்பாள். உண்மைதான், நன்றாகச் சாப்பிடுவேன். மறுநாள் அந்த ஆளை மடக்க வேண்டும் என்ற ஒரே வெறியில், பாய்லர் வெக்கையில் நின்று மறுபடி அளப்பேன்.

ஒரு தடவை, கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊத இன்னொரு இயந்திரம் வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்காலில் நுரை போவது நிற்காது என்று எழுதிக் கொடுத்தேன். வெட்டினார். மறுபடி எழுதினேன். மறுபடி வெட்டினார். கடைசியில் ஒருநாள், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியோரம் தானே வந்து நின்றார். வெயிலில், அந்த நாற்றத்தில், மத்தியானம் வரை நின்றார். உற்பத்தித் தலைவன் மூக்கைப் பொத்திக்கொண்டு மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் என்னிடம் வந்து, "உங்க கணக்கு தப்பு சார்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. "இது ஓடினா அபராதத்துல கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம்னு குறைச்சுப் போட்டிருக்கீங்க. உங்களுக்கு உங்க மேலயே நம்பிக்கை இல்லாட்டி நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?" கையெழுத்துப் போட்டார். வாய்க்கால் இன்று தெளிந்து ஓடுகிறது. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இயந்திரத்தை முதல் தடவையே கொடுத்திருக்கலாம்.

ஆட்குறைப்பு வந்தபோது முதலாளி எல்லாத் தலைவர்களையும் உட்காரவைத்து, "இந்தத் துறை நமக்கு இப்ப அவசியமா?" என்று கேட்டார். நான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நாட்டுக்குத் தேவை என்று அட்டையைத் தடவிய அத்தனை பேரும் தண்ணீர் குடித்தார்கள். கத்தரிக்கோல் மட்டும் வாயைத் திறந்தார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். "இந்த ஆளை எனக்குப் பிடிக்காது சார்" என்று ஆரம்பித்தார். "ஆனா இந்தக் கட்டடத்துல எல்லார் கணக்குலயும் நான் அஞ்சு நிமிஷத்துல தப்பு கண்டுபிடிச்சுருவேன். இவர் கணக்குக்கு மட்டும் ரெண்டு நாள் ஆகுது. இவரை அனுப்பிட்டா எனக்கு மூளை துருப்பிடிச்சுரும்." அவ்வளவுதான், துறை பிழைத்தது. என் வாழ்நாளில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன மிக உயர்ந்த வார்த்தை அது. அதை என்னைப் பிடிக்காது என்ற முன்னுரையோடு சொன்னதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று போன வருஷம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரிவுபசார விழாவில் நான் பேசவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் சிரித்த முகம், எதற்கும் "சூப்பர் சார்". இயந்திரத்துக்குப் பராமரிப்பு வேண்டும் என்றால் சூப்பர். குழாய் ஓட்டை என்றால் அதற்கும் சூப்பர். எதையும் வெட்டுவதில்லை, எதையும் கொடுப்பதுமில்லை. சண்டை போட ஆளில்லாமல் எனக்குப் பசி போயிற்று. ஒருநாள் கடுப்பில், இவர் படிக்கிறாரா என்று பார்த்துவிடலாமென்று, இந்த வருஷ அறிக்கையின் நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: "இவ்வாண்டு தொழிற்சாலையின் மொத்தத் தண்ணீர்த் தேவையும் ஒரே ஒரு வாளியால் நிறைவு செய்யப்பட்டது." அறிக்கை இரண்டே மணி நேரத்தில் திரும்பி வந்தது. மேலே "சூப்பர்" என்று எழுதியிருந்தது. வரியை எடுத்துவிடலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள், அச்சகத்துக்கு இன்னொரு பிரதி போய்விட்டது என்றார்கள். அச்சாகி, முதலாளி கைக்குப் போய், பங்குதாரர்களுக்கெல்லாம் தபாலில் போய், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் ஏதோ ஒரு சங்கம் அதற்கு விருது கொடுத்தது, அத்தான். தண்ணீர்ச் சிக்கனத்தில் புதுமையான அணுகுமுறையாம். நீர்த்துளி வடிவத்தில் கண்ணாடிக் கோப்பை. மேடையில் அதை வாங்கும்போது நான் தலையைக் குனிந்துகொண்டதை அடக்கம் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்.

மனசு கேட்காமல் முதலாளியிடம் போனேன்.

"சார், அந்த வாளி வரி தப்பு. நான்தான் போட்டேன்."

"எந்த வாளி?"

"விருதே அதுக்குத்தான் சார்."

"கிடைச்சாச்சுல்ல, விடுங்க. அடுத்த வருஷம் அரை வாளின்னு போட்டுருங்க."

அப்போதுதான் முடிவு செய்தேன். ஊக்கம், நம்பிக்கை, பூமியின் எதிர்காலம் என்று என்னவெல்லாமோ சொல்கிறார்கள். என் அனுபவத்தில், தப்பு செய்தால் பிடிப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்றால்தான் மனுஷனுக்குச் சரியாகச் செய்யத் தோன்றுகிறது. அந்த ஒருவர் போய்விட்டார். இனி நான் இங்கே அளந்தாலும் ஒன்றுதான், அளக்காவிட்டாலும் ஒன்றுதான். உங்கள் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுகிறேன். ராஜினாமாவைத் திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், மரம் பற்றிய விளக்கத்தையும் சொல்லவும். குழந்தைகள் நீண்ட ஆயுளோடு, என்னைப்போல் இல்லாமல் சந்தோஷமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் கோபக்கார மச்சான்

பி.கு.: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது தொலைபேசி அடித்தது.

"நான்தான் பேசறேன்" என்றது குரல். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை.

"சொல்லுங்க சார்."

"அறிக்கை தபால்ல வந்துச்சு. படிச்சேன்."

"வாளி விஷயமா சார்?"

"வாளி நீங்க வேணும்னே போட்டது, அதுகூடத் தெரியாதா எனக்கு? புது ஆள் படிக்கிறாரான்னு பாத்திருக்கீங்க. அதுக்கு அச்சடிச்ச அறிக்கையா கிடைச்சுது? வெக்கமா இல்ல? நான் கூப்பிட்டது பாய்லருக்கு. நீராவிக் கணக்குல, அறுபது டிகிரி சூட்டுல திரும்பி வர்ற சுடுதண்ணியைக் கழிக்கவே இல்ல. இது நீங்க தெரியாம பண்ணின தப்பு."

"இருக்காது சார்."

"இருக்கு. என்கிட்ட கம்பெனிப் பங்கு கொஞ்சம் கிடக்கு. பங்குதாரர் கூட்டத்துல எழுந்து ரெண்டையும் கேக்கப்போறேன். பதிலோட வாங்க. நீங்க வரலைன்னா அங்க யார்கிட்ட சார் நான் கேக்கறது?"

வைத்துவிட்டார். ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். வாளி வரிக்குத் திருத்தம் எழுதி, மறுநாளே முதலாளி மேஜையில் வைத்தாயிற்று. கூட்டத்தில் எப்படியும் நாறப்போகிறது என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே கிடங்குக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும். மேலே நான் எழுதியதில் சௌக்கியம் விசாரித்ததைத் தவிர எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாய்லர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது பாதி சரி. ஆனால் திரும்பி வரும் தண்ணீரின் சூட்டைக் குறைத்துப் போட்டிருக்கிறார். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொல்வதாக இருக்கிறேன்.