செல்வி தலைக்கு ராணித் தொப்பி

சேசு மரி சூசை துணை

கந்தர்வக்கோட்டை,
1938, தை மாதம்

ஆவூர் மச்சான் ஞானராஜ் உபாத்தியாயர் அவர்கள் சமூகத்துக்கு மைத்துனன் சந்தனசாமி முழு மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி வியாகுலமேரியும் முந்திரிக் கொல்லையும் சௌக்கியம். அங்கே அக்காள் கோபம் தணிந்து சௌக்கியமா என்று அறிய ஆவல்.

நேற்று அக்காளும் கல்யாணப் பொண்ணு செல்வியும் இங்கிட்டு வந்துவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய கதையை அவர்கள் வாயால் கேட்டிருப்பீங்க, என் பக்கத்தையும் கேளுங்க. கல்யாணப் பெண்ணுக்குப் பூமுடி கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்துவிடுவது தாய்மாமன் முறைமை. மற்ற மாமன்மார் காகிதப்பூ முடி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், நான் அப்படியா? ஐரோப்பா ராஜஸ்திரீகள் தலையில் வைக்கிறதையெல்லாம் கரைத்துக் குடித்தவன். பெல்ஜியத்து ராணி குல்லா, இத்தாலி இளவரசி வலைத் தொப்பி, ஸ்பானியா ராணி கொண்டையில் உயரச் சீப்புக் குத்தி அதன்மேல் போடுகிற முக்காடு, எதைக் கேட்டாலும் சொல்வேன். அவர்களெல்லாம் நம்ம வேதக்காரிகள்தானே மச்சான், அவர்கள் பூசைக்கு வைத்துப் போவதை நம்ம பிள்ளை வைத்தால் என்ன குற்றம்?

ஆகையால் ஜவுளி சுற்றி வந்த இங்கிலீஷ் பேப்பரில் ஒரு ராணி படம் பார்த்து, அதேபோலப் பெட்டி முடைகிற ராக்கனிடம் பனையோலையில் முறம் அகலத்துக்குத் தொப்பி முடையச் சொல்லி, வெள்ளைச் சாட்டின் தைத்து, கொக்குச் சிறகு செருகி, படத்தில் உள்ளபடியே சாய்த்துச் செல்வி தலையில் வைத்தேன். தேவமாதா மாதிரி இருந்தாள். "மாமா, வலது கண்ணு தெரியலையே" என்றாள். "ராணிகளுக்கு ஒரு கண்ணு போதும்டி" என்றேன். "மாப்பிள்ளை அந்தப் பக்கம்ல நிப்பாரு? யாரைக் கட்டிக்கிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள்! அக்காள் சும்மா இருக்காமல், "ஏன்டா, கோயிலுக்குப் பொண்ணு வருதா, கொக்கு வருதா?" என்றது. வெளியே வரும்போது வாசல் நிலையில் தொப்பி சிக்கிக்கொண்டதற்கு வாசல்தான் காரணம், அதைத் தச்சன் குறுக்கி வைத்துவிட்டான்.

நியாயம் கேட்கப் பங்குச் சுவாமியாரிடம் படத்தைக் கொண்டுபோனோம். அவர் கீழே உள்ள எழுத்தைப் படித்துவிட்டு, "சந்தனசாமி, இந்த அம்மாள் பூசைக்குப் போகலை, குதிரைப் பந்தயம் பார்க்கப் போறாங்க" என்றார். எனக்கு இங்கிலீஷ் முக்கால்வாசி தெரியும், படம் பார்த்த அன்றைக்கு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை. பந்தயமானால் என்ன, ராணி ராணிதானே? அதற்குச் செல்வி, "இதை வைக்கணும்னா நீங்க முடி வைக்கவே வர வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டாள் மச்சான். தூக்கி வளர்த்த என்னைச் சொல்லிவிட்டாள். நீங்கள் தகப்பனாய் இருந்து கண்டித்து, தொப்பியை வைக்கச் சொல்ல வேண்டியது. நான் ஒரு சிறகும் குறைக்கமாட்டேன். இது உறுதி.

அக்காளுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சகல அர்ச்சியசிஷ்டவர்களும் உங்கள் வீட்டைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
சந்தனசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வியாகுலம் தொப்பியைக் கவிழ்த்து, வைக்கோல் போட்டு, கோழியை அடைக்கு வைத்துவிட்டாள். அது சுகமாக உட்கார்ந்துவிட்டது, எழுப்பக்கூடாதாம். காகிதப்பூ முடியே வாங்கிவிட்டேன், ரெண்டு கண்ணும் தெரியும். அதை நானே வந்து வைக்கலாமா என்று செல்வியைக் கேட்டு ஒரு வரி எழுதுங்க. இதே மாதிரி முடியை ஒரு ஐரோப்பா இளவரசி வைத்திருக்கிறாள் என்று கோயிலில் யாரிடமும் சொல்லமாட்டேன், அவர்களாகக் கேட்டாலொழிய.