அரை அரையாக ஏறிய உற்சாகம்

உழைக்கும் மக்களின் நல்வாழ்வுக்காக இந்தப் பூமியில் இதுவரை நடந்த சேவைகளிலேயே தலையாயது, ஒரு சாப்பாட்டு மேஜையில், தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய லேப்டாப் ஒன்றில் செய்யப்பட்டது. செய்தவர் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் உதவி நல அலுவலர். மகான்கள் சிறு வயதிலேயே ஏதாவது அறிகுறி காட்டுவார்கள் அல்லவா? இவர் தட்டினார். பெஞ்சைத் தட்டினார், பஸ் கம்பியைத் தட்டினார், பல் பிடுங்கும்போது மருத்துவரின் நாற்காலியைத் தட்டினார். தொழிற்சாலையில் இவருக்கு 'தட்டல் சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் அவர் மனைவிக்கு மட்டும்தான் இருந்தது.

மனைவிக்கும் அதே தொழிற்சாலைதான். பேக்கிங் கூடம், மூன்றாம் பெல்ட், ஏழாம் ஸ்டூல். பதினாறு வருட சர்வீஸ். கண்ணைக் கட்டிவிட்டாலும் பெட்டிக்கு ஆறு சோப்பு தவறாமல் அடுக்குவாள் என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தட்டல் சாரின் மேதைமை ஒரு டிரம் மென்பொருள் வழியாக வெளிப்பட்டது. திரையில் வரிசையாகக் கட்டங்கள். ஒன்றைச் சொடுக்கினால் கறுக்கும். அந்த இடத்தில் ஓர் அடி விழும். மறுபடி சொடுக்கினால் வெளுக்கும், அடி போய்விடும். மேலே வேகத்துக்கு ஓர் எண். இவ்வளவுதான் வித்தை. ஆனாலும் தட்டல் சார் இதற்கு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். அவர் பொறித்த தாளங்களை உலகம் கேட்கவில்லை. மனைவி கேட்டாள்; எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு வேறு வழியில்லை.

கடைசியில், கேன்டீனில் அவர் கைபேசி அழைத்தபோது காலம் கனிந்தது. ரிங்டோனுக்கு வைத்திருந்த சொந்தத் தாளம் டொம் டொம் என்று ஒலிக்க, சுற்றியிருந்தவர்கள் தங்களை அறியாமல் வேகமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். பொது மேலாளர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இதக் கேட்டா கை தானா ஓடுதே?"

"ஆமா சார். தாளத்தோட குணம் அது."

"வாய் ஓடலியே. ஒருத்தரும் பேசல பாருங்க."

"அதுவும் அதோட குணம்தான் சார்."

'ஊழியர் உற்சாகத் தாளத் திட்டம்' இப்படித்தான் பிறந்தது. தாளத் தேர்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டு நான்கு முறை கூடியது. சிம்பல் என்ற பெரிய வெண்கலத் தட்டின் ஓசை தீ அலாரம் போல இருப்பதால் எல்லாரும் வெளியே ஓடிவிடுவார்கள் என்று பாதுகாப்பு அதிகாரி அஞ்சினார். சிம்பல் ஒருமனதாக நீக்கப்பட்டது. பெரிய டிரம்முக்கு 'எடு' என்றும், ஸ்நேர் என்ற சிறு டிரம்முக்கு 'மூடு' என்றும், ஹை-ஹேட் என்ற ஜால்ராவுக்கு 'தள்ளு' என்றும் பொருள் வகுக்கப்பட்டது. எட்டுச் சுற்றுத் தாளம்; முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கும். கொட்டாவிக்கு மட்டும் குழு எந்த ஓசையையும் ஒதுக்கவில்லை.

மென்பொருளில் 'மனிதத்தன்மை' என்று ஒரு திருகு இருந்தது. அதைக் கூட்டினால் அடிகள் ஒரு நூலளவு முன்பின்னாக விழும், மனிதர் வாசித்ததுபோல. தட்டல் சார் ஆசையாக அதை இருபதில் வைத்தார். அன்று முப்பது பெட்டி குறைந்தது.

"அந்த மனிதத்தன்மை எவ்வளவுல இருக்கு?"

"இருபதுல சார்."

"ஜீரோ பண்ணுங்க. சோப்புக் கம்பெனிக்கு எதுக்கு அது?"

பண்ணினார். வேகம் தொண்ணூற்றிரண்டு. கூடத்தின் நான்கு மூலைகளிலும் ஸ்பீக்கர் முழங்க, நூற்றிருபது பெண்கள் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். முதல் வாரம் நிஜமாகவே சிரித்தார்கள், அதில் பொய்யில்லை. மனைவி வீட்டுக்கு வந்து, "பரவாயில்லையே, நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். இரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் பாராட்டு. அவருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் பொது மேலாளர் அழைத்தார். "உற்சாகம் இன்னும் கொஞ்சம் ஏறலாமே?"

"எவ்வளவு சார்?"

"அரை. அரைதானே, யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியவில்லை. அதனால் அடுத்த நாளும் அரை. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை. எண் ஏறும்போதெல்லாம் பெல்ட்டின் வேகமும் கூடவே ஏற்றப்பட்டது. அறிக்கைகளில் இதற்கு 'நுண்ணிய உற்சாகத் திருத்தம்' என்று பெயர். தட்டல் சார் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியிட்டுத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்தார். கலைஞர்களில் இத்தனை ஒழுங்கு அபூர்வம்.

ஐம்பத்தெட்டு வேலைநாளில் எண் நூற்றிருபத்தொன்றைத் தொட்டது.

"மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க" என்றாள் மனைவி ஒரு மாலை. தட்டல் சார் தைலம் தேய்த்துவிட்டார். "ஒரு பெட்டியாவது விட்டிருக்கேனா நானு? இப்ப முதல் ஸ்டூல் அக்காவும் நானும் மாத்தி மாத்தி விடுறோம். அக்கா பாத்ரூம்ல போய் அழுதாங்க. எங்களுக்குத்தான் வயசாயிடுச்சு போல."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். தட்டல் சார் சாதாரண மனிதர் அல்லர். அவர் பெயர் 'ஆண்டின் சிறந்த உற்சாகமூட்டி' விருதுக்குப் போயிருந்தது. தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் 'தாள இயக்குநர்' என்று பலகை. அவர் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"என்னங்க, மெதுவா. தேய்க்கிறதுலகூட என்ன அவசரம்?"

விருதுக்கு முந்தின வாரம், 'தாளத்துக்கு ஒத்துழையாதோர்' பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. விழா முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். கூடத்தில் சோர்வு பரவாமலிருக்க இது ஒரு நல நடவடிக்கை. பதினோரு எண்கள். ஒன்பதாவது வரியில் 'பெல்ட் 3, ஸ்டூல் 7' என்று அவரே டைப் செய்தார். விரல் ஒரு நொடி நின்றது. எழுந்து போய்ப் பொது மேலாளரின் கதவைத் தட்டினார்.

"சார், வேகத்துல ஒரு நாலு குறைச்சா இவங்கள்ல பாதிப் பேரு..."

"விருது வர்ற நேரத்துலயா?" பொது மேலாளர் பட்டியலைப் பார்த்தார். "யாருக்காக இவ்வளவு உருகுறீங்க? யாரு இந்த ஏழாம் ஸ்டூல், தெரிஞ்சவங்களா?"

சுழல் நாற்காலி ஒரு முறை அவர் கண்முன் சுழன்றது.

"தெரியாது சார்" என்றார் தட்டல் சார்.

விழா நாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது, லேப்டாப் மனைவியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் அதை மெதுவாக மூடினாள்.

"தட்டு வைக்க இடமில்ல, அதான் நகத்துனேன். அதுல வரிசையா எண் போட்டிருக்கே, என்னங்க அது?"

"அதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றாள். அவர் சட்டைக்குப் பொத்தான்கூட அவள்தான் போட்டுவிட்டாள், கட்டைவிரல் வலிக்க வலிக்க.

விழா பேக்கிங் கூடத்திலேயே நடந்தது. தலைமையகத்திலிருந்து வந்த அம்மையார் மேடையில் நடுநாயகமாக அமர்ந்திருந்தார். எதிரே நூற்றிருபது பேரும் அவரவர் ஸ்டூலில். பொது மேலாளர் பாராட்டுப் பத்திரத்தை வாசித்தார்: "நூற்றிருபது ஜோடிக் கைகளை ஒரே ஜோடிக் கைகளாக இயங்க வைத்த பெருமை இவர் ஒருவரையே சாரும்!" பிறகு செயல்விளக்கம். தட்டல் சார் லேப்டாப்பைத் திறந்து, நெஞ்சு விம்ம, பட்டனை அழுத்தினார்.

எடு, மூடு, தள்ளு. எடு, மூடு, தள்ளு. கைகள் பறந்தன. அம்மையார் முன்னால் சாய்ந்து பார்த்தார். நான்கு சுற்று முடிந்தது.

ஐந்தாவது சுற்றில் சத்தமே இல்லை.

தட்டல் சார் திரையைப் பார்த்தார். முதல் நான்கு சுற்றின் கட்டங்கள் கறுப்பாக இருந்தன. மீதி நான்கும் பளிச்சென்று வெள்ளை. அத்தனை அடியையும் யாரோ ஒவ்வொன்றாகச் சொடுக்கி எடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் டெக்னிக்கல் இல்லை.

கைகள் அந்தரத்தில் நின்றன. பெல்ட் மட்டும் ஓடி, சோப்புகள் அதன் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. அந்த அமைதியில் ஏழாம் ஸ்டூல் குரலை உயர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, தொண்ணூத்திரண்டுல ஆரம்பிச்சது இன்னைக்கு நூத்தி இருபத்தொண்ணு. தெனமும் அரை ஏத்தியிருக்காங்க. நமக்கு வயசாகலக்கா."

"யாரு ஏத்துனது?" என்றாள் முதல் ஸ்டூல் அக்கா.

எட்டுச் சுற்று முடிந்து தாளம் மறுபடி தொடங்கியது. டொம். பெரிய டிரம் அடித்தால் கை எழ வேண்டும். மூன்று மாதப் பழக்கம். நூற்றிருபது வலது கைகளும் ஒரே நொடியில், ஒரு நூலளவும் முன்பின் இல்லாமல் எழுந்தன. சோப்பை எடுக்க எழவில்லை. சுட்டுவிரல்கள் நீண்டு மேடையில் ஒரே ஆளைக் காட்டின.

பாராட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தது அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. இவ்வளவு ஒற்றுமையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார். பொது மேலாளர் ஓடிப்போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு கை மட்டும், மணிக்கட்டில் தைலத் துணி சுற்றிய கை, இறங்கவேயில்லை.

அம்மையார் அந்தக் கையைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "சாரை உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரியுமாம்மா?"

மனைவி தட்டல் சாரை ஏற இறங்கப் பார்த்தாள். காலையில் தான் போட்டுவிட்ட பொத்தான்வரை பார்த்தாள்.

"இன்னைக்குக் காலைல வரைக்கும், தெரியும்னுதாங்க நெனச்சிட்டிருந்தேன்."