பிளம்பர் சொன்ன டேங்க்

இந்த வீட்டில் இனி ஒரு வால்வு வாங்குவதென்றாலும் அது தன் உத்தரவுப்படிதான் என்று தலைமைக் குமாஸ்தா அன்று காலை முடிவு செய்தார். காரணம், பிளம்பர். அந்த ஆளை அவர் கண்ணால் கண்டதில்லை. மனைவி வாயால் கேட்டுக் கேட்டே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஊர்க் குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் பாய்லர் கீழறையில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டேங்க் வைத்து, பாய்லரின் வெந்நீரை டேங்குக்குள் இருக்கும் சுருள் குழாயில் ஓடவிட்டால் குளிக்கிற தண்ணீரும் சூடாகிவிடும். மனைவி கேட்டு வருஷக்கணக்காகிறது. இப்போதிருக்கும் சின்ன ஹீட்டரில் குமாஸ்தா குளித்து, பிள்ளைகள் குளித்து, கடைசியில் அவள் போகும்போது குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வரும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பார் குமாஸ்தா. பிளம்பர் பேச்சு வந்த பிறகுதான் அவருக்குப் பார்வையே வந்தது.

"என்னங்க, பிளம்பர் சின்ன டேங்கே போதும்னார்."

"எவ்வளவு சின்னது?"

"ரெண்டு பேர் குளிக்கிற அளவு. பாவம், நம்ம செலவை நினைச்சு சொல்றார்."

குமாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒரு தடவைகூடப் பாவம் என்றதில்லை.

"நம்ம செலவை நினைக்க அவன் யாரு? இருக்கிறதிலேயே பெரிய டேங்க்!"

"குழாய் முக்கால் இன்ச்சாம்."

"ஒரு இன்ச்!"

"பம்ப் சாதாரணமானதே..."

"ஒசத்தி பம்ப்!"

"தண்ணி பின்னால திரும்பாம தடுக்க ஒரு வால்வு இருக்காமே, அது வேண்டாம்னுட்டார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

"சிரிச்சானா? ரெண்டு வால்வு வைக்கிறேன்!"

"ஒண்ணு போதுங்க," என்றாள் அவள் அவசரமாக.

கடைக்குப் போகும் வழியெல்லாம் பிளம்பர் கூடவே வந்தான். சுருட்டை முடி, அகன்ற தோள், பளிச்சென்ற பல்வரிசை. எல்லாம் குமாஸ்தாவே கொடுத்தவை.

கடைக்காரரிடம் ஒவ்வொன்றாக அதட்டலாகச் சொன்னார். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. வாசலோரம் நின்ற பெரிய டேங்கையும் அதன் பக்கத்தில் கட்டி வைத்திருந்த சாமான்களையும் காட்டினார்.

"எல்லாம் தயார் சார். அம்மா போன வாரமே வந்து எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. 'வீட்டுக்காரர் வந்து இதையேதான் கேட்பார்'னாங்க."

"அப்ப அந்த பிளம்பர்?"

"பிளம்பர் யாரையும் தெரியாதுன்னாங்களே சார். நாங்க ஆள் அனுப்பவா?"

முதலில் அவருக்கு நிம்மதி. சுருட்டை முடிக்காரன் ஒழிந்தான். அப்புறம்தான் ரோஷம் வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று விடுவிடுவென்று வீட்டுக்குள் நுழைந்து வாயைத் திறந்தார்.

"வந்துட்டீங்களா? நீங்க போனாத்தான் காரியம் நடக்குது," என்றாள் மனைவி. "அப்புறம், இந்த ஹாலுக்கு வெள்ளையே போதும்னு ஒரு பெயிண்டர்..."

"நீலம்!" என்றார் குமாஸ்தா.

ஜன்னலில் புது நீலத் திரை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.