எந்தப் பக்கம் அக்கா

பிறந்தநாள் கேக்கைப் பார்த்ததும் மெழுகுவர்த்தியைத் திருடத் தோன்றும் ஆள் ஜொகூர் மாநிலம் முழுவதிலும் ஒருவர்தான். எங்கள் மேனேஜர் மேடம் ஊதி அணைப்பதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடினார் பாருங்கள், பாட்டு பாதியில் நின்றுபோனது!

பாசிர் கூடாங்கில் எங்கள் தொழிற்சாலையின் டெக்னீஷியன் அவர். "எந்தப் பக்கம் அக்கா" என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

"எந்தப் பக்கம்? இடது பக்கம் பல்லு வலி லா. வலது பக்கம் சாப்பிட்டாச்சு."

நான் புதிய எஞ்சினியர். ஒரு படிகத் தகட்டில் சூடு எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று அளந்தேன். கழற்றி மாட்டி மறுபடி அளந்தால், விடை பாதிக்கும் கீழே! மேடம் கொதித்துவிட்டார்.

"ஒரே தகடு, ரெண்டு விடையா? நீயா எழுதிக்கிட்டியா தம்பி? வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி உன் வேலை கன்ஃபர்ம் ஆகாது."

அக்காவிடம் புலம்பினேன். "எந்தப் பக்கம் வெச்சு அளந்த?" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் கேக். பின்னாலேயே ஓடிப் பார்த்தால், மெழுகை உருக்கி என் தகட்டின்மேல் பூசிக்கொண்டிருக்கிறார்!

"அலமாக்! அக்கா, இருக்கறதே ஒண்ணுதான்!"

"கத்தாத லா. தொடச்சா போயிடும்."

மெழுகு இறுகியதும், சூடான ஊசியை நடுவில் வைத்தார். கேக் கத்தியும் கையுமாக மேடம் வந்து நின்றார். மெழுகு வட்டமாக உருகும் என்றுதான் எல்லாரும் பார்த்தோம். உருகியதோ முட்டை வடிவத்தில்!

இந்தப் படிகத்தில் சூடு ஒரு பக்கம் ஓடுகிறது, குறுக்குப் பக்கம் நடக்கிறது! இரண்டாம் முறை தகட்டைக் கால் சுற்று திருப்பி மாட்டியிருக்கிறேன். ஸ்கேலைப் பிடுங்கி அளந்தேன். முட்டையின் நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு. சூடு கடக்கும் அளவு அவற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஒன்பது, நான்கு. என் இரண்டு விடைகளும் கிட்டத்தட்ட அதே விகிதம்!

மேடம் என் தாளை இரண்டு முறை பார்த்தார். "கன்ஃபர்ம். சரி, தகட்டோட தடிமன் பக்கம் எவ்வளவு?"

திங்கட்கிழமை அதையும் அளப்பது என்று முடிவானது.

வெளியே நல்ல மழை. அக்கா வீடு மாசாயில். என் வீடு வேறு பக்கம், உலு திராமில். "ஏறு லா" என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்காமலே, மோட்டார் சைக்கிளை உலு திராம் பக்கம் திருப்பினார்.